உறை பிரிக்காத டிவி கேம்

பிளாஸ்டிக் உறையைக் கண்டால் இன்றும் எனக்குக் கை துறுதுறுக்கும். புதிதாக எதை வாங்கினாலும் கடையிலேயே பிரித்து, உறையைக் கசக்கிக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். பார்க்கிறவர்கள் எனக்கு அவசரபுத்தி என்பார்கள். அவசரமெல்லாம் இல்லை, ஆத்திரம். எண்பதுகளின் தொடக்கத்தில் பிடித்த ஆத்திரம் இன்னும் விடவில்லை.

அப்போது நாங்கள் மலேசியாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால்மரங்களில் பாதியை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவும் அம்மாவும் மிச்சமிருந்த மரங்களில் பால் வெட்டினார்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அண்ணன் தோட்டத்து வேலை வேண்டாம் என்று சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான்.

அந்தத் தீபாவளிக்கு வந்தவன் எனக்கென்று ஒரு டிவி கேம் வாங்கி வந்தான். கறுப்பு நிறத்தில், பள்ளிக்கூட அகராதி அளவுக்கு ஒரு பெட்டி. முதுகில் கசெட் செருக ஒரு வாய், பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்து ஆட்ட இரண்டு கைப்பிடிகள். வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே யார் வீட்டிலும் இல்லாத சாமான். அதில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டு இருந்தது. எதிரே வரும் கார்களில் இடிக்காமல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். போகப் போக வேகம் கூடும். நானும் அண்ணனும் சாயங்காலம் கரண்டு வந்ததும் உட்கார்ந்தால், தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் எஞ்சின் வீட்டில் கரண்டை நிறுத்தும்வரை எழுந்திருக்கமாட்டோம். அண்ணன் இருந்த அத்தனை நாளும் அந்தப் பெட்டி ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை. போகும்போது, "இது தங்கச்சிதுலா, யாரும் கை வைக்கக்கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

அவன் போன மறுவாரமே பெட்டிக்கு நோய் வந்துவிட்டது. தொடக்கத்தில் கார் நன்றாகத்தான் ஓடும். கொஞ்ச நேரம் போனதும் விக்கி விக்கி நகரும். நான் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால், அது யோசித்துவிட்டுப் பிறகு திரும்பும். அதற்குள் எதிரே வரும் கார் மோதிவிடும். அப்புறம் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கி, சத்தம் இழுத்துக்கொண்டே போய், படம் அப்படியே உறைந்து நிற்கும். சரியாக நான் நல்ல வேகம் பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் இந்தக் கூத்து. யாரோ வேண்டுமென்றே என் காலை வாருகிற மாதிரி இருக்கும். கைப்பிடியைத் தரையில் எறிந்துவிட்டு அழுவேன்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்பாவுக்கு எஞ்சின் மேல்தான் சந்தேகம். தோட்டத்துக் கரண்டு எப்போதுமே நோஞ்சான். நாலு வீட்டில் சட்டை தேய்த்தால் ஐந்தாவது வீட்டில் விளக்கு மங்கும். ஆகவே அப்பா லயத்தில் வீடு வீடாகப் போய், நான் விளையாடுகிற நேரத்தில் யாரும் இஸ்திரி போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்ததே கோபம். சுருக்கம் விழுந்த பாவாடையோடு கோயிலுக்குப் போய், எல்லோரும் கேட்கும்படி அதற்குக் காரணமும் சொல்லிவிட்டு வந்தார். கார் அப்படியும் விக்கியது.

அம்மாவின் கணக்கு வேறு. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்ததில் கண் பட்டுவிட்டதாம். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். கற்பூரத்தைத் தட்டில் ஏற்றி டிவி கேமுக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினாள். சின்னப் பிள்ளைக்குச் செய்வதைப் போல அதன் தலையைத் தடவியும் விட்டாள். எனக்கு மானம் போயிற்று.

கடைசியில் ஈப்போவிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. டவுனில் மின்சாமான் விற்கும் கடையொன்றில் லோரியிலிருந்து சாமான் இறக்குவது அவர் வேலை. அந்த ஒரு தகுதியில் எங்கள் குடும்பத்துக்கே அவர்தான் எஞ்சினியர். ரேடியோ கரகரத்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும், டார்ச்லைட் எரியாவிட்டாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். வந்தவர் கசெட்டை உருவி ஊதினார். உள்ளே பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்து, பஞ்சில் நனைத்து, கசெட்டின் பல்லையெல்லாம் துடைத்தார். அன்றிலிருந்து கார் ஓடும்போதெல்லாம் வீட்டில் யாருக்கோ சளி பிடித்த வாசம் வந்தது. நோய் மட்டும் தீரவில்லை.

"மெஷின் ரோசாக் இல்ல, மச்சான், கெட்டுப் போகல" என்றார் மாமா அப்பாவிடம். "ஒங்க கரண்டுதான் ரோசாக். இது டவுன் கரண்டுக்குச் செஞ்ச சாமான்லா. எஸ்டேட்டுல நிக்காது."

எனக்கு அது பொய் என்று பட்டது. மழை நாட்களில் தோட்டத்துக் கரண்டு இன்னும் மோசமாக இருக்கும். விளக்கு கண்ணைச் சிமிட்டும். ஆனால் மழை கொட்டிய சாயங்காலங்களில்தான் என் கார் ரொம்ப தூரம் ஓடியது. வெயில் காய்ந்த நாளில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே விக்கியது. நின்றுபோன பெட்டியைக் கொஞ்சம் ஆறப் போட்டுவிட்டு மறுபடி மாட்டினால் புதிதுபோல ஓடியது. இதை நான் சொன்னபோது மாமா சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது எங்கள் வீட்டுப் பூனை. விளையாட்டு நின்றுபோய் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது எங்கிருந்தோ வந்து, டிவி கேமின்மேல் ஏறிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அடுப்பங்கரையில் சாம்பல் சூட்டுக்குப் படுக்கிற அதே படுக்கை. ஒருநாள் அதைத் தள்ளிவிட்டுவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டிதான். பிளாஸ்டிக் உறைக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் வேறு கோத்திருந்தது.

உறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் எந்தச் சாமானுக்கும் உடம்பு வெளியே தெரியாது. ரோத்தான் பிரம்பு நாற்காலியின் மெத்தைகள் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக்கோடுதான் இருந்தன. உட்கார்ந்து எழுந்தால் தொடை தோலோடு ஒட்டிக்கொண்டு வரும். சுவர்க் கடிகாரத்துக்கு உறை. சுடுதண்ணி போத்தலுக்கு உறை. டிவிக்கு உறை, அதன்மேல் பின்னல் துணி. காலிப் பெட்டிகளை அம்மா எறியவிடமாட்டாள். எல்லாம் கட்டிலுக்கு அடியில், பெரிதுக்குள் சிறிதாக, கயிறு கட்டி அடுக்கியிருக்கும். அவள் முன்பெல்லாம் அப்படி இருந்ததில்லை. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது திடீரென்று தொடங்கிய பழக்கம். பெரியவர்களுக்கு ஒரு வயதில் கண்ணாடி போட வேண்டி வருவதுபோல இதுவும் ஏதோ என்று நான் விட்டுவிட்டேன்.

டிவி கேமின் உறையை அண்ணன் முதல் நாளே பிரித்திருந்தான். அம்மா அதைக் குப்பையில் போடவிடாமல் மடித்து வைத்திருந்தாள். அவன் பஸ் ஏறிய அன்றே பெட்டியை மறுபடி அதற்குள் நுழைத்து, கசெட்டுக்கும் ஒயருக்கும் மட்டும் பிளேடால் ஓட்டை போட்டு, மற்ற இடமெல்லாம் டேப்பால் ஒட்டிவிட்டாள். மேலே ஒரு பின்னல் துணியும் போட்டாள். கைப்பிடிகளுக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை. அண்ணன் இருந்தபோது ஓடியது, போனபின் நின்றது என்று எல்லோரும் சொன்னோமே தவிர, இடையில் என்ன மாறியது என்று யாருமே பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு சாமான் உறைக்குள் போவது யார் கண்ணிலும் மாற்றமாகப் படாது.

அம்மாவிடம் ஓடினேன். "உள்ளுக்குள்ள வேகுதும்மா. பிளாஸ்டிக்கை எடுத்துட்டா ஓடும்."

"வேணாம்" என்றாள். "இப்பப் பிரிக்க வேணாம். போற எடத்துல பிரிச்சிக்கலாம்."

"எங்க போறோம்?"

"எங்கியும் இல்ல. போய்ப் படி."

இதைவிடக் கோபமூட்டும் பதில் உலகத்தில் உண்டா? எங்கும் போகவில்லை என்றால் போகிற இடத்தில் எப்படிப் பிரிப்பது? கெஞ்சினேன். சண்டை போட்டேன். சாப்பிடமாட்டேன் என்று படுத்தேன். மேசை விசிறியைத் தூக்கிவந்து டிவி கேமுக்கு நேராக வைத்தேன். பிளாஸ்டிக் படபடவென்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம். காற்று உள்ளே போனால்தானே? ஈரத்துணியைப் போட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. அம்மா எதற்கும் அசையவில்லை. என் சந்தோஷத்தைவிட ஒரு பிளாஸ்டிக் காகிதம் இவளுக்குப் பெரிதாகப் போய்விட்டதே என்று, அவள் முகத்தைப் பார்ப்பதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பகலிலும் எஞ்சின் ஓடும். மாமா தன் மகனையும் மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அவனுக்கு என் வயதுதான். டவுன் பள்ளியில் படிக்கிறான் என்ற திமிர். வந்ததும் என்னைக் கேட்காமலே கைப்பிடியை எடுத்தான். காரைக் கன்னாபின்னாவென்று இடித்துக்கொண்டே ஓட்டினான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் கார் விக்கி, நிறம் கலங்கி, நின்றது.

"பாத்தியா?" என்றார் மாமா, ஏதோ தானே நிறுத்திக் காட்டியதைப்போல. "அக்கா, நான் எடுத்துட்டுப் போறேன். அங்க கரண்டு நல்லாருக்கு. பையன் வெளாடுவான், கெடாம இருக்கும். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?"

அம்மா சண்டைக்குப் போவாள் என்று காத்திருந்தேன். அண்ணன் எனக்கென்று வாங்கியது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனது. அம்மா கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். டிவி கேமின் காலிப் பெட்டியை இழுத்து எடுத்துத் தூசி தட்டினாள்.

"கொண்டு போ" என்றாள். "அங்க இருந்தா பத்திரமா இருக்கும். ஒரு சாமான் கொறையும்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மகன் ஒயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டான்.

கதவோரம் அப்பாவின் பால் வெட்டும் உளி சொருகியிருந்தது. பிள்ளைகள் தொடவே கூடாத சாமான். அதை உருவிக்கொண்டு வந்தேன். மாமா மகன் ஒயரைப் போட்டுவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான். நான் அவன் பக்கம் திரும்பவேயில்லை. பின்னல் துணியை உருவி எறிந்தேன். மரத்துக்குப் பட்டை சீவுவதைப்போல உளியை உறையில் வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே இழுப்பாக இழுத்தேன். மிச்சத்தைக் கையாலும் பல்லாலும் கிழித்தேன். உள்ளே கோத்திருந்த தண்ணீர் கையில் வடிந்தது. பெட்டியின் அடியில் வரிசையாகக் காற்றுப் போகும் ஓட்டைகள் இருந்தன. அண்ணன் போனபின் அன்றைக்குத்தான் அவற்றை மறுபடி பார்க்கிறேன்.

அம்மா என்னை அறைந்தாள். கன்னத்தில். முதுகில் ஒன்று வைப்பாளே தவிர, அதுவரை அவள் என் முகத்தில் கை வைத்ததில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினாள்.

"விடு" என்றார் அப்பா. "ஓடுதான்னு பாப்போம். இருக்கற வரைக்குமாவது ஓடட்டுமே."

பெட்டி ஆறும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான் கன்னத்தைத் தடவவில்லை. தடவினால் தோற்றுப் போனதாக ஆகிவிடும். பிறகு இரண்டு புத்தகங்களை அடியில் கொடுத்துப் பெட்டியைத் தூக்கி வைத்து மாட்டினேன். கார் ஓடியது. மாமா மகன் ஓட்டினான், இடித்தான். நான் ஓட்டினேன். மறுபடி அவன், மறுபடி நான். சோறு ஆறிப் போனது. வெயில் இறங்கியது. ஜன்னலில் லயத்துப் பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். கார் ஒரு தடவைகூட விக்கவில்லை. அவன் ஒரு தடவைகூட என்னை ஜெயிக்கவில்லை.

மாமா மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது, "இன்னிக்கி கரண்டு நல்லா வருதுபோல" என்றார். அந்த மனுசனிடம் கடைசிவரை ஒப்புக்கொள்ளும் வார்த்தை ஒன்றை வாங்க முடியவில்லை.

நான் ஜெயித்ததைச் சொல்ல அடுப்பங்கரைக்குப் போனேன். அம்மா பலகையில் உட்கார்ந்து, கிழிந்த பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து அதன்மேல் விழுந்ததால் டேப் ஒட்டவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். எனக்குப் பாவமாகவெல்லாம் இல்லை. எரிச்சல்தான் வந்தது. மகள் அறை வாங்கிக்கொண்டு நிற்கிறாள், ஜெயித்துவிட்டு வேறு நிற்கிறாள், இவள் ஒரு பிளாஸ்டிக்குக்கு அழுகிறாளே என்று காலைத் தரையில் உதைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப்பின் அவள் அந்த உறையை மாட்டவில்லை. மடித்து அதன் காலிப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள். கார் தினமும் ஓடியது.

பள்ளி விடுமுறையின்போது லோரி வந்தது.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். விற்கப் போவது பெரியவர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லோரும் வரிசையாக நிற்கும் நேரத்தில், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வந்து சொன்னாராம். தோட்டம் கை மாறப் போகிறது, எப்போது சொன்னாலும் வீட்டைக் காலி பண்ணத் தயாராக இருங்கள் என்று. எங்கே போவது என்று யாரோ கேட்டதற்கு, அது கம்பெனியின் வேலை இல்லை என்றாராம். சொல்லிவிட்டு வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டிருக்கிறார். இவர்களும் வழக்கம்போல வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் நாளைக்கா, அடுத்த மாதமா என்று தெரியாமல் சோறு பொங்கியிருக்கிறாள் என் அம்மா. அதே வீட்டில் பிறந்து, அதே மரங்களில் பால் வெட்டியவள், தன் வீட்டிலேயே பயணத்துக்குக் கிளம்பியவளைப்போல உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளை அப்படி உட்கார வைத்தவர்கள் மேல் எனக்கு வர வேண்டிய கோபம் முழுவதையும், அந்த வயதில், அவள்மேல் கொட்டினேன். அந்தக் கம்பெனிக்காரன் முகத்தை நான் பார்த்ததேயில்லை. இன்று பார்த்தாலும் விடமாட்டேன்.

லோரி வந்த அன்று லயமே அல்லோலப்பட்டது. பாய்க்குள் சட்டியைச் சுருட்டினார்கள், கோழியைப் பிடிக்க ஓடினார்கள், பெட்டி இருக்கிறதா கயிறு இருக்கிறதா என்று அலைந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த அமளி எதுவும் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகள் வெளியே வந்தன. எந்தச் சாமானுக்கு எந்தப் பெட்டி என்று அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். டிவி கேமை அதன் ஒட்டுப்போட்ட உறைக்குள் போட்டு, பெட்டியில் வைத்து, கயிறு கட்டினாள். லோரியில் முதலில் ஏறியது எங்கள் சாமான்தான். கிழக்காலே இரண்டாவது வீடு, மல்லிகைச் செடி இருக்கும் வீடு என்றுதான் அதுவரை எங்கள் விலாசம். அம்மா கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை.

ஈப்போவில் மாமா வீட்டின் பின்கட்டில் ஓர் அறையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். சாமானை இறக்கி அடுக்கியதும் மாமாவே டிவி கேமின் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அவர் குரல் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, இங்க நம்ம டிவியில மாட்டிடலாம். புள்ள வெளாடட்டும். இங்க கரண்டு நல்லாருக்கு."

அம்மா அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். சுவரோரமாக வைத்தாள். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "போற எடத்துல பிரிச்சிக்கலாம்."

எனக்கு வந்ததே ஆத்திரம். அதுதான் வந்தாகிவிட்டதே, இன்னும் எங்கே போக வேண்டுமாம் இவளுக்கு? பெட்டிக்கு ஓர் உதை விட்டுவிட்டு, மாமா மகனோடு தெருவில் விளையாடப் போய்விட்டேன்.